நடுங்காமல் குளிர்வது எப்படி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் இருமல் விட்டதா? உன் வீட்டுக்காரியும் பாப்பாவும் சௌக்கியம்தானே? எனக்கு முதுகுவலி தவிர வேறு குறை இல்லை. போனில் பேசலாம் என்றால், பதினைந்து வருஷமாய்க் கம்ப்ரசர் பக்கத்தில் நின்ற உன் காதுக்கு நான் கத்த வேண்டியிருக்கிறது. நான் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ சண்டை என்று எட்டிப் பார்க்கிறார்கள். நமக்குக் கடிதமே நல்லது.

உன் அக்கா ஆஸ்பத்திரியில் என்னதான் செய்கிறாள் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் டாக்டர் இல்லை. ஸ்கேன் இயந்திரத்தின் பௌதிகம் பார்ப்பவள். இப்போது கொழுப்பைப் படம் எடுக்கிறேன். சிரிக்காதே. உடம்பில் இரண்டு விதக் கொழுப்பு உண்டு. வெள்ளைக் கொழுப்பு சேர்த்து வைக்கிற சாதி. அதற்கு என் இடுப்பே சாட்சி. பழுப்புக் கொழுப்பு எரிந்து சூடு கொடுக்கிறது. பிறந்த குழந்தைக்கு அது நிறைய இருக்கும். வளர்ந்தவர்களுக்குக் கழுத்தோரத்திலும் காறை எலும்புக்கு மேலேயும் கொஞ்சம் மிஞ்சும், சிலருக்குத் தேடினாலும் கிடைக்காது. குளிரெடுத்தால்தான் அது வேலைக்கு இறங்கும்.

வழக்கமாகக் கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றித்தான் இதைப் பார்ப்பார்கள். நோயில்லாத ஆளுக்கு அதைத் திரும்பத் திரும்பச் செய்வது நியாயமில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஊசியும் இல்லை, கதிரும் இல்லை. காந்தத்தால் தண்ணீரையும் கொழுப்பையும் பிரித்து அளக்கலாம். பழுப்பில் தண்ணீர் கூடுதல். அந்த வித்தியாசத்தைப் பிடிப்பதுதான் என் வேலை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். குளிரிலேயே பிழைக்கிற ஆட்கள் ஒன்றிரண்டு பேர் கிடைத்தால் எனக்கு உதவியாக இருக்கும். உங்கள் கோல்டு ஸ்டோரேஜில் விருப்பமுள்ளவர் யாராவது உண்டா? அவசரம் ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு மாத்திரை தீருமுன் வாங்கி வை. பாப்பாவுக்கு என் முத்தம்.

அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்கிறேன். இருமல் போய்விட்டது, பாப்பா ஒரு பல் விழுந்து பொக்கையாகச் சிரிக்கிறாள், அப்பாவின் மாத்திரை இருக்கிறது, அப்பாவின் கோபமும் இருக்கிறது. உன் முதுகுக்கு நாற்காலியை மாற்று.

ஆள் தேடுவானேன்? நான் இருக்கிறேனே. மைனஸ் இருபதில் பட்டாணி மூட்டையும் மீன் பெட்டியும் அடுக்குகிறவன். இருபது நிமிஷம் குளிர் சேம்பருக்குள்ளே, பத்து நிமிஷம் வெளியே என்று இத்தனை வருஷம் போய் வந்த உடம்பு. இதில் பழுப்புக் கொழுப்பு இல்லையென்றால் வேறு யாரிடமும் இருக்காது.

உன் கடிதத்தை டீ நேரத்தில் எங்கள் ஆட்களுக்குப் படித்துக் காட்டினேன். வெட்டாமல் கொள்ளாமல் மனுஷனுக்குள்ளே பார்க்கிறவளா உங்க அக்கா என்று மீட்டர் கேட்டான். (எப்போது பார்த்தாலும் டிகிரியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பான், அதனால் மீட்டர்.) ஆமாம், அவள் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், நான் எங்கே எதை ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்றேன்.

நம் வீட்டில் மூளை உனக்கு, முதுகு எனக்கு என்று அப்பா பாகம் பிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது உன் மூளைக்கு என் முதுகு தேவைப்பட்டிருக்கிறது. இதை அப்பாவிடம் நானே சொன்னேன். பேப்பரைக் கீழே வைத்தார்.

தேதி சொல். லீவு வாங்குகிறேன்.

உன் தம்பி

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நீ வருகிறேன் என்றதைப் படித்து எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை. பாப்பாவின் விழுந்த பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல், நான் வரும்போது பார்க்க வேண்டும். நாற்காலியை மாற்றிவிட்டேன், முதுகு அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 14 காலை உன்னுடையது. குழாய் போன்ற இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். தண்ணீர் ஓடும் மேலங்கி ஒன்றைப் போட்டு முதலில் ஒரு மணி நேரம் குளிர வைப்போம். பிறகு அப்படியே உள்ளே தள்ளிப் படம் எடுப்போம். இயந்திரம் தகரத்தில் சுத்தியால் அடிப்பது போலச் சத்தம் போடும். உனக்கு அது தாலாட்டு.

இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படித்துப் பதில் எழுது. முக்கியமாகப் பதினோராவது கேள்வி. லேத், கிரைண்டிங், வெல்டிங் வேலை எப்போதாவது செய்திருந்து, கண்ணில் உலோகத் துகள் விழுந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காந்தம் எந்நேரமும் உயிரோடு இருக்கும். கண்ணுக்குள் ஒரு தூசி இரும்பு இருந்தாலும் அசைத்துவிடும், பார்வை போய்விடும். பரீட்சைப் பேப்பர் மாதிரி மணி அடிக்கிற நேரத்தில் கிறுக்கித் தராதே.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை. இவ்வளவு இல்லைகளை நான் வாழ்க்கையில் எழுதியதே இல்லை.

லீவு கிடைத்துவிட்டது. எதற்கு என்று மேனேஜர் கேட்டார். ஆராய்ச்சிக்கு என்றேன். எழுந்து நின்று கை கொடுத்தார்.

அதிகம் எழுத நேரமில்லை. நேரில் பேசுவோம்.

உன் தம்பி

மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. உடம்புக்கு எப்படி இருக்கிறது? நான் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை, அதனால் கை ஓடவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இவர் வேலைக்குப் போயிருக்கிறார்.

தபாலில் போடுவதற்கு முன் அந்தப் படிவத்தைப் படித்தேன். பதினோராவது கேள்விக்கும் இல்லை என்றே எழுதியிருந்தார். அன்றைக்குக் கேட்டேன், அது பழைய கதை, விடு என்றார். நானும் விட்டேன். உங்கள் கடிதத்தை நேற்றுப் பெட்டியைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். பார்வை போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களுக்குக் கல்யாணமான முதல் வருஷம் இவர் லேத் பட்டறையில் இருந்தது உங்களுக்குத் தெரியும். ஏன் விட்டார் என்று தெரியாது. கிரைண்டிங் பண்ணும்போது வலது கண்ணில் இரும்புப் பிசிறு தெறித்துவிட்டது. டாக்டர் மேலாக இருந்ததை எடுத்தார். ஒன்று உள்ளே போய்விட்டது, தொந்தரவு இல்லை, தோண்ட வேண்டாம் என்று விட்டுவிட்டார். நீங்கள் அப்போது பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தீர்கள். "தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா, சொல்லாதே" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். பதினாறு வருஷம் காப்பாற்றிய சத்தியத்தை இன்றைக்கு உடைக்கிறேன்.

நான் எழுதியது தெரிந்தால் என்னோடு பேச மாட்டார். பரவாயில்லை. பேசாவிட்டாலும் என்னைப் பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும்.

உங்கள் நம்பர் இவர் போனில்தான் இருக்கிறது, அதனால் இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் உங்களிடம் வந்து சேர வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 16

என் அன்புக்குரிய உனக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? அவன் வீடு வந்து சேர்ந்திருப்பான். என்ன நடந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான், அதனால் நான் எழுதுகிறேன்.

உன் கடிதம் 14-ஆம் தேதி காலைத் தபாலில் வந்தது. நான் அதைப் பிரித்தபோது அவன், முதுகுப்பக்கம் நாடா கட்டுகிற ஆஸ்பத்திரி உடுப்பில், ரேடியோகிராபரிடம் மீன் பெட்டிக் கதை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலங்கியில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் காந்த அறைக் கதவைத் திறந்திருப்பேன்.

நான் தண்ணீரை நிறுத்தினேன். கையைப் பிடித்து எக்ஸ்ரே அறைக்கு நடத்திப் போனேன். அவன் ஏன் என்று கேட்கவே இல்லை. படத்தில் வலது கண் குழிக்குள் அரைக் கடுகு அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. அதை வெளிச்சத்தில் பிடித்து அவனுக்குக் காட்டினேன்.

"பதினாறு வருஷமா அங்கேயே இருக்குக்கா. நகரவே இல்ல" என்றான்.

"அந்தக் காந்தத்துக்கு உன் பதினாறு வருஷம் தெரியாது."

"ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன். கண்ணை இறுக்கி மூடிக்கிறேன்."

நான் முடியாது என்றேன். அப்போது அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "உனக்கு நான் பிரயோஜனப்படறதுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் எடுத்துட்ட."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ரேடியோகிராபர் முன்னாலேயே கத்தினேன். எனக்கு உன் கொழுப்பு வேண்டாம், கண்ணு வேண்டும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல், அடுத்த வண்டிக்கே கிளம்பிவிட்டான்.

உனக்கு நான் எந்த ஜன்மத்தில் நன்றி சொல்லி முடிப்பேன். உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அவசரம் இல்லை என்று நான் அவனுக்கு எழுதியது பொய். ஜூன் கடைசியில் எங்கள் துறைத்தலைவர் கூட்டம் வைத்திருக்கிறார். அதற்குள் ஆறு பேரை இரண்டிரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் ஒரே அளவு வருகிறது என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வாரத்தில் இயந்திரம் எனக்குக் கிடைக்கிற இரண்டு காலை நேரமும் போய்விடும், ஆறு வருஷ வேலை அலமாரியில் ஏறிவிடும். இதுவரை ஏழு பேரை எடுத்தேன். ஐந்து பேர் நடுங்கிவிட்டார்கள். நடுங்கினால் படம் கலங்கிவிடும். அதுவும் போக, சூடு கொடுக்கிற வேலையைத் தசையே பார்த்துக்கொள்ளும், கொழுப்பு சும்மா இருந்துவிடும். இரண்டு பேர்தான் தேறினார்கள்.

இதை அவனிடம் சொல்லாதே. இன்னும் நொந்து போவான்.

அண்ணி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

கண் எப்படி இருக்கிறது? உங்கள் ஊர்க் கண் டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டினாயா?

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உன்னை உள்ளே விடாததற்கு நான் வருத்தப்படவில்லை, நாளைக்கு வந்தாலும் விட மாட்டேன். கத்தியதற்கு வருத்தப்படுகிறேன். அதிலும் வேறு ஆள் முன்னால்.

என் பரீட்சை கெடக்கூடாது என்று நீ கண்ணை மறைத்தாய். பாஸ் பண்ணிவிட்டேன் என்று உனக்குக் கடிதம் எழுதிய அன்றைக்கு நீ ஒற்றைக் கண்ணால்தான் அதைப் படித்திருப்பாய். இதை நினைத்தால் எனக்கு வேலை ஓடவில்லை.

எழுது.

அக்கா

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். கண்ணும் நலம். டாக்டர் பார்த்தார், அது தன் இடத்தில் தூங்குகிறது, எழுப்ப வேண்டாம் என்றார்.

ஒரு மாதம் உன் மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் கோபம் தீர்ந்துவிட்டது, ஆனால் எப்படி எழுதத் தொடங்குவது என்று தெரியவில்லை. இங்கே ஆட்கள் வேறு, ஆராய்ச்சி என்ன ஆச்சு, படம் எங்கே என்று தினம் கேட்டார்கள். ஒரு நாள் டீ நேரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். படிவத்தில் பொய் எழுதினேன், அக்கா வெளியே அனுப்பிவிட்டாள் என்று. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர், மூட்டைகளைத் தூக்கி அடுக்குகிற எங்கள் வண்டிக்காரர், வாயே திறக்காத மனுஷர், அவர் சொன்னார்: "வேலை முடங்கும்னு தெரிஞ்சும் அனுப்பியிருக்காங்கன்னா, அவங்ககிட்ட நம்பிப் படுக்கலாம்."

ஜூன் கூட்டத்தைப் பற்றி இவள் என்னிடம் சொல்லிவிட்டாள். என் ரகசியத்தை உன்னிடமும் உன் ரகசியத்தை என்னிடமும் உடைத்துக் கணக்கு நேர் செய்துவிட்டாள்.

நாலு பேர் வருகிறார்கள். மீட்டர், ஒல்லி, வண்டிக்காரர், அப்புறம் எடை போடுகிற தராசம்மா. படிவத்தை நானே வாசித்துக் கேள்வி கேட்டேன். ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுக்குப் போய், பெண்டாட்டி புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். பதினோராவது கேள்வியை மூன்று தடவை. ஒல்லிக்கு முழங்கையில் கம்பி இருப்பது அவன் பெண்டாட்டி சொல்லித்தான் தெரிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காகிதம் வாங்கிவிட்டோம், அது காந்தத்தில் ஒட்டாத உலோகமாம். ஆனாலும் நீ பார்த்துச் சொல்.

நானும் வருகிறேன். உள்ளே வர மாட்டேன். கதவுக்கு வெளியே நிற்பேன்.

உன் தம்பி

மே 27

வீட்டுக்காரிக்கு,

சாப்பிட்டாயா? பாப்பா பள்ளிக்கூட லீவில் வெயிலில் சுற்றாமல் இருக்கிறாளா? அப்பாவிடம் நான் நன்றாகத் தூங்குவதாகச் சொல். பத்து நாளாக அக்கா வீட்டுக் கூடத்தில் நாலு பேரும் பாய் போட்டுப் படுக்கிறோம், தராசம்மா மட்டும் அக்கா அறையில். மீட்டர் குறட்டை விடுகிறான். மற்றபடி எல்லோரும் நலம்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன், இங்கே ஒரு காரியம் நடந்தது.

முதல் நாள் மீட்டரைக் குளிர வைத்தார்கள். நாற்பது நிமிஷத்தில் கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்துவிட்டான். மைனஸ் இருபதில் பாட்டுப் பாடுகிறவன், பதினாலு டிகிரித் தண்ணீருக்கு நடுங்குகிறான். அவனுக்கு மானம் போய்விட்டது. மறுநாள் தராசம்மாவும் அப்படியே. அக்கா பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். அவள் மனசு எனக்குத் தெரியாதா.

அன்றைக்கு முழுக்க நான் யோசித்தேன். நாங்கள் சேம்பரில் வேலை செய்கிறோம், அசைகிறோம், கை கால் மூடியிருக்கிறது. இங்கே ஆளை அசையாமல் உட்கார வைத்து, வெறுங்கையும் வெறுங்காலுமாய், எடுத்த எடுப்பில் பதினாலு டிகிரி விடுகிறார்கள். புதிதாக வருகிற ஆளை நாங்கள் அப்படியா சேம்பருக்குள் தள்ளுகிறோம்? முதல் நாள் கதவோரம் நிற்க வைப்போம். தோளை இறக்கு, பல்லைக் கடிக்காதே என்போம். பல்லைக் கடித்தால் நடுக்கம் வந்தே தீரும். அப்புறம் அவன் தாடைக்குக் கீழே பார்ப்போம். நடுக்கம் வருவதற்கு முன்னால் அங்கே ஒரு தசை மீன் குஞ்சு மாதிரித் துள்ளும். துள்ளினதும் வெளியே கூப்பிட்டுவிடுவோம்.

காலையில் அக்காவிடம், "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டேன். சொல் என்றாள். சொன்னேன். அவள் நோட்டை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டாள். நடுவில் நிறுத்தி, "தாடைக்குக் கீழே எந்த இடத்துல? காட்டு" என்றாள். என் அக்கா என்னிடம் பாடம் எழுதிக்கொள்கிறாள், நினைத்துப் பார்.

அதற்கப்புறம் குளிர வைக்கிற பம்பு என் கையில். கைக்கும் காலுக்கும் கம்பளி உறை போட்டேன், காதை மூடினேன். இருபத்தைந்து டிகிரியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். தாடைத் தசை துள்ளினால் இரண்டு டிகிரி ஏற்றி நிறுத்திவிடுவேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் வந்தது. தராசம்மாவுக்குப் பதினேழு, மீட்டருக்குப் பதினைந்து, வண்டிக்காரருக்குப் பன்னிரண்டு. அவர் பன்னிரண்டிலும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

படம் எடுக்கும்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். நேற்று வண்டிக்காரரின் படம் திரையில் வந்தது. காறை எலும்புக்கு மேலே, இரண்டு பக்கமும், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திட்டு. அக்கா அதைத் தொட்டுக் காட்டி, "இதுதான்" என்றாள். ரேடியோகிராபர் என் முதுகில் தட்டினார்.

ஒல்லியிடம் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அதுவும் ஒரு விடைதான் என்று அக்கா அவனை உட்கார வைத்து ஆறுதல் சொன்னாள். எனக்குப் பழுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, வெறும் எலும்புதான் என்று அவனே சிரித்துவிட்டான்.

இரண்டாவது சுற்று இந்த வாரம். முடிந்ததும் வருகிறோம். நீ அந்தக் கடிதம் எழுதியதற்கு நான் பத்து நாள் பேசாமல் இருந்தேன் அல்லவா? அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

அவளும் பாப்பாவும் அப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? கூடம் காலியாகக் கிடக்கிறது. மீட்டரின் குறட்டை இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று அவனிடம் சொல்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. ஆறு பேரின் படங்களையும் வரிசையாக வைத்தேன். முதல் முறை, இரண்டாம் முறை என்று அடுத்தடுத்து. துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஐந்து பேரிடம் திட்டு, இரண்டு முறையும் அதே இடத்தில், அதே அளவில், குளிர்ந்த பிறகு கொழுப்பின் பங்கு அதே போலக் குறைகிறது. ஒல்லியிடம் இரண்டு முறையும் ஒன்றும் இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வி படத்தைப் பற்றியது அல்ல. "கடைசி நாலு பேர்ல ஒருத்தர்கூட நடுங்கலையே, எப்படி?" என்றார்.

நான் உன் முறையைச் சொன்னேன். தாடைத் தசை, ஆளுக்கொரு எண், கம்பளி உறை எல்லாம். முழுக்கக் கேட்டார். இன்னும் இரண்டு வருஷத்துக்கு இயந்திரம் எனக்கு, வாரத்தில் மூன்று காலைகள்.

இதைக் கட்டுரையாக அனுப்பப் போகிறோம். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் உன் பெயரைப் போடலாம் என்றார் அவர். அது போதாது என்றேன். குளிர வைக்கும் முறை இல்லாவிட்டால் படமே இல்லை, அதை வகுத்தவன் பெயர் மேலே, எழுதியவர்கள் வரிசையில் வர வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். நாங்கள் எழுதியதை உனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டுவேன், நீ சரி என்றால்தான் போகும். உன் பெயரின் கீழே படிப்பும் பதவியும் கேட்கிறார்கள். என்ன போட?

அக்கா

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு.

உன் கடிதத்தை இவள் சத்தமாகப் படித்தாள், நான் மறுபடி படிக்கச் சொன்னேன். படிப்பு என்ற இடத்தில் பத்தாவது, கணக்கில் கோட்டை விட்டவன் என்று போடலாம், ஆனால் இடம் போதாது, காலியாக விடு. பதவி சேம்பர் மேஸ்திரி. மேலாளர், மேற்பார்வையாளர் என்று ஜோடிக்காதே.

இன்னொன்று. அந்தக் கட்டுரையில் எங்கேயும் நான் உன் தம்பி என்று வரக்கூடாது. தம்பி என்பதற்காகப் போட்டிருந்தால் இப்போதே அடித்துவிடு, எனக்கு வருத்தமில்லை. வேலைக்காகப் போட்டிருந்தால் இருக்கட்டும்.

அப்பா என்னைக் கூப்பிட்டு, இதில் உன் பெயர் எதற்கு என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பழுப்புக் கொழுப்பு, காந்தம், தண்ணீர், தாடை எல்லாம். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அப்பா நடுவில் எழுந்து போகவில்லை. முடிந்ததும், "அந்தத் தசை எங்க இருக்கு?" என்று தன் தாடையைத் தூக்கிக் காட்டினார். தொட்டுக் காட்டினேன்.

அவ்வளவுதான் நடந்தது. உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

உன் தம்பி

நவம்பர் 23

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டாரும், உங்கள் ஆய்வகத்தில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்கள் எழுதிய கடிதம் அதில் இருந்த விலாசத்துக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வந்தது. கட்டுரை எழுதிய பெண் விஞ்ஞானிதான் உங்களுக்குப் பதில் எழுதுவார் என்று நினைத்திருப்பீர்கள். குளிர வைப்பது பற்றிய கேள்விக்கு மேஸ்திரிதான் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நான் எழுதுவதை மொழிபெயர்த்து மட்டும் அனுப்புவார். ஒரு வரியும் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஆட்கள் எல்லோரும் அரை மணியில் நடுங்கிவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே டிகிரி வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். பத்து ஆட்கள் என்றால் பத்து எண். அந்த எண்ணை ஆளிடம் சொல்லாதீர்கள், சொன்னால் பக்கத்து ஆளோடு போட்டி போடுவான். கையையும் காலையும் முதலில் சூடாக்குங்கள், அப்புறம் மார்பைக் குளிர வையுங்கள். தாடைக்குக் கீழே எந்த இடம் என்று படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நான் படம் போடுகிறவன் இல்லை, எங்கள் எடை போடுகிற அம்மா போட்டது. கோணல் என்று நினைக்க வேண்டாம், அவருடைய தாடையே அப்படித்தான்.

குளிர வைக்கிற ஒரு மணி நேரமும் ஆள் பக்கத்திலேயே நில்லுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு தூர உட்காராதீர்கள். தனியாக விட்டால் மனுஷன் பல்லைக் கடிப்பான். நடுங்கினால் தப்பில்லை, யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் மீட்டர் அன்றைக்கு வெட்கப்பட்ட மாதிரி வேறு யாரும் வெட்கப்படக் கூடாது.

இதெல்லாம் கட்டுரையில் இரண்டு வரியில் இருக்கிறது. இரண்டு வரியில் செய்ய முடியாது, அதனால்தான் நீளமாக எழுதினேன். செய்து பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள். சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பதில் போடுவேன். பதில் தாமதமானால் சேம்பருக்கு லோடு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சேம்பர் மேஸ்திரி